பெயரளவில் ஒரு தோட்டமா?

நந்தனம் என்னும் பெயர் தமிழன்று. இராசாசி முதலமைச்சராயிருந்த 1952-53ஆம் ஆண்டு, வடமொழி அறுபதாண்டுச் சுழற்சியில் நந்தன எனப்பட்டமையின், அன்று எழுந்த குடியிருப்புக்கு அப்பெயர் சூட்டப்பெற்றது. இந்திரனின் தோட்டம் என்பதும் அதன் பொருளாம். கா, பொழில், சோலை, தண்டலை, தோப்பு என இத்தனை சொற்களைப் படைத்த இனம், தன் தலைநகரின் நடுவே வானவர் தோட்டத்தை இரவல் வாங்கியது! அதுவும் ஒருபுறம் கிடக்கட்டும். பெயரில் தோட்டம் உண்டு, மண் என்னவாயிற்று?

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதைப் பக்கம்வரை வளைந்து கிடந்த நீளேரியை 1920களில் தூர்த்தே தியாகராய நகர் எழுந்தது. நீர் தங்கிய இடமெல்லாம் கற்காரையாயிற்று. 2015 திசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது கரையோர மக்கள் பட்ட பாட்டை எவரே மறப்பர்? மழையை உண்ணும் வெறுமண் ஊருக்குள் இருத்தல் அழகு கருதி மட்டுமன்று.

செம்மொழிப் பூங்கா 2010இலும், தொல்காப்பியப் பூங்கா 2011இலும் திறக்கப்பெற்றன. நெஞ்சினிக்கும் பெயர்கள். ஆயினும் அவை காண்பதற்குரியன. அங்கு மண்ணைத் தொடுவார் பணியாளரே. குடியிருப்பார் தாமே கூடிக் கொத்தி, விதைத்து, விளைந்ததைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்ப்பொதுத் தோட்டம் வேறு. சிங்கப்பூர் அரசு 2005 முதல் அத்தகைய தோட்டங்களை ஊக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கண்டுள்ளது. 1991இல் சோவியத்து ஒன்றியம் சிதைந்து கல்லெண்ணெயும் உரமும் வாராதொழிந்தபோது, கியூபாவின் அவானா நகர மக்கள் வெற்றிடங்களில் கீரையும் காயும் பயிரிட்டுப் பசியை எதிர்த்து நின்றனர்.

தமிழர்க்கு இதனில் மற்றோர் இழப்பும் உண்டு. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். எள்ளின் பிஞ்சு கவ்வை. தென்னைக்கும் பனைக்கும் குரும்பை. பாவாணர் இவற்றைத் தொகுத்துக் காட்டித் தமிழின் சொல்வளத்தை நிறுவினார். இவை புலவர் அமர்ந்து கட்டியவை அல்ல. தோட்டத்தில் குனிந்து நின்ற உழவரும் உழத்தியரும் வாய்மொழியாய் வழங்கியவை. நெகிழிப் பையில் மட்டுமே காயைக் காணும் அடுக்குமாடிப் பிள்ளைக்குக் கச்சல் என்பது அகரமுதலியில் உறங்கும் சொல்லே. மேடையில் மொழிகாப்போம் என முழங்குவார், அப்பிள்ளையின் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்ததுண்டா?

குடிக்கவே நீரில்லாத நகரில் பயிரா என்பார் உளர். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டமை மெய்தான். ஆனால் அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் நாடோறும் சாக்கடைக்கே போகின்றன. நந்தனத்தின் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஊர்தி நிறுத்தும் இடத்தில் கால் பங்கை ஒதுக்கினால், அவரையும் கத்தரியும் முருங்கையும் வளர்க்க அந்நீரே பெரிதும் உதவும்.