பகைவர் கைமாற்றும் பட்டியல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. காரும் டயரும் மோட்டார் சைக்கிளும் உருவாகும் வட்டாரம் அது. சாலையின் ஒரு கோடியிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், 1991-ம் ஆண்டு மே 21-ந் தேதி கொலையுண்ட ராஜீவ் காந்தியின் நினைவிடம் இருக்கிறது. ஒரகடத்துக்குத் தென்கிழக்கே, ஐம்பது கிலோமீட்டருக்குள், கடற்கரையோரம் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கும் காகிதம் ஒன்று உண்டு. அதன் அருமையை அறிந்தவர்கள் சொற்பம்.

1988-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இஸ்லாமாபாத் நகரில், பிரதமர்கள் ராஜீவ் காந்தி, பெனாசிர் பூட்டோ ஆகிய இருவரின் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு நாட்டின் அணு நிலையங்களை மற்ற நாடு தாக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆண்டுதோறும் ஜனவரி 1-ந் தேதி, அந்த நிலையங்கள் எங்கெங்கே உள்ளன என்ற பட்டியலை இரு நாடுகளும் பரிமாறிக்கொள்ள வேண்டும். அணுமின் நிலையங்களும் ஒப்பந்தத்தில் அடங்கும். ஆகவே கல்பாக்கமும் அந்தக் காவலுக்குள் இருக்கிறது. அங்கே அசம்பாவிதம் நேர்ந்தால் சென்னையும் செங்கற்பட்டும் ஒரகடமும் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரே நாளில் விளைந்ததா?

இல்லை. 1985-ம் ஆண்டு டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜெனரல் ஜியா உல் ஹக்கும் டில்லியில் வாய்மொழியாக இதற்கு இசைந்தார்கள். அடுத்த குளிர்காலத்திலேயே எல்லையில் படைகள் குவிந்து, யுத்தம் வந்துவிடுமோ என்ற பீதி எழுந்தது. பிறகு கையெழுத்துக்கு 1988 வரையும், ஒப்பந்தம் அமலுக்கு வர 1991 ஜனவரி வரையும் காத்திருக்க நேர்ந்தது. முதல் பட்டியல் கைமாறியது 1992 ஜனவரி 1-ந் தேதி. வாய்ச் சொல் காகிதமாகிக் காரியத்துக்கு வர ஆறு ஆண்டுகள்! ராஜதந்திரம் நத்தை வேகத்தில்தான் நகரும். ஆனால் நகர்ந்த தூரம் வீண் போவதில்லை.

1998-ம் ஆண்டு மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. 1999-ல் கார்கில் யுத்தம் மூண்டது. 2001 டிசம்பர் 13-ந் தேதி பாராளுமன்றம் தாக்கப்பட்டது. தூதர் திரும்ப அழைக்கப்பட்டார். ரயிலும் பஸ்ஸும் நின்றன. லட்சக்கணக்கான வீரர்கள் எல்லையில் நின்றார்கள். ஆயினும் 19 நாள் கழித்துப் பிறந்த புத்தாண்டில் பட்டியல் தவறாமல் கைமாறிற்று. 2008 நவம்பரில் பம்பாயில் இரத்தம் சிந்தியது. ஐந்து வாரம் கழித்து அப்போதும் கைமாறிற்று. 2025 ஜனவரி 1-ந் தேதி நடந்தது 34-வது பரிமாற்றம். ராஜீவும் போனார், 2007-ல் ராவல்பிண்டியில் பெனாசிரும் கொலையுண்டார். காகிதம் மட்டும் நிலைத்தது.

கோபம் வேறு, கடமை வேறு

ஒரகடத்துத் தொழிலாளிக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இரவு ஷிப்டு முடித்துப் போகும் மேற்பார்வையாளரும், காலை ஷிப்டுக்கு வருபவரும் முகம் கொடுத்துப் பேசாதவர்களாக இருக்கலாம். அதற்காக, எந்த இயந்திரம் பழுது, எந்த விசையைத் தொடக் கூடாது என்று பதிவேட்டில் எழுதாமல் போய்விடலாமா? எழுதாவிட்டால் போவது மூன்றாவது ஆளின் கை அல்லவா?

"பயங்கரவாதிகளுக்கு இடம் கொடுக்கும் நாட்டோடு என்ன பேச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் பட்டியல் தருவது நட்புக்கு அடையாளமன்று. நம்பிக்கை இல்லாத இடத்தில்தான் எழுத்து தேவைப்படுகிறது. 2025 மே மாதம் நான்கு நாள் நடந்த மோதலும், இரு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைவர்கள் தொலைபேசியில் பேசிய பிறகே 10-ந் தேதி ஓய்ந்தது.

வல்லரசுகள் கற்ற பாடமும் இதுவே. 1962 செப்டம்பரில், 83 வயது ராஜாஜி வாஷிங்டன் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு ஜனாதிபதி கென்னடியிடம் மன்றாடினார். அடுத்த மாதமே கியூபா விவகாரத்தில் உலகம் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்டது. 1963 ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடிச் செய்தித் தொடர்பு அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. ஆகஸ்டில், வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை நடத்துவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அச்சம் முதலில் அறிவைக் கொடுத்தது. அறிவு பின்னர் ஒப்பந்தங்களைக் கொடுத்தது.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

இருக்கும் காகிதங்களைக் காப்பாற்றுவதோடு நின்றால் போதாது. ஏவுகணைச் சோதனைக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற 2005-ம் ஆண்டு ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே பொருந்தும். குரூயிஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022 மார்ச் 9-ந் தேதி இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய பிரம்மோஸ் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னூ அருகே விழுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச் சேதம் இல்லை. இந்தியா பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது 11-ந் தேதி. பதற்றமான வேளையில் இரண்டு நாள் என்பது இரண்டு யுகம் அல்லவா?

குரூயிஸ் ஏவுகணைகளையும் முன்னறிவிப்பில் சேர்க்க வேண்டும். எந்த ஏவுகணை கை தவறினாலும் அந்த நிமிஷமே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இவற்றுக்கு எந்த நாடும் ஓர் அங்குல நிலத்தையும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டியது, கோபத்திலும் கடமை தவறாத நிதானம்தான். அந்த நிதானம் இருக்கும் வரையில் ஒரகடத்தில் இரவு ஷிப்டுக்குப் போனவர் காலையில் வீடு திரும்புவார். லாகூரில் போனவரும் திரும்புவார்.