காயத்திற்கும் வரியா?

பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் உள்ள ஊர்களில், ராணுவ சேவை முடித்துத் திரும்பியவர்கள் குடியிருக்கின்றனர். அவர்களில் ஒருவர் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு திராட்சை பயிரிட்டு லாபம் ஈட்டுவாரானால், அந்த லாபத்தின்மீது மத்திய சர்க்கார் வருமான வரி விதிப்பதில்லை. விவசாய வருமானம் அரசியல் சட்டப்படி மாநிலங்களுக்கு உரியது. அதே மனிதர் படையிலிருக்கையில் முழங்கால் நொறுங்கி, அதன்பொருட்டு மாதந்தோறும் ஊனப் பென்ஷன் பெறுவாராயின், அதற்கு வரி உண்டா இல்லையா என்பதற்கு மட்டும் நூறு கேள்விகள் எழுகின்றன. கொடியில் விளைந்ததற்கு இல்லாத ஆராய்ச்சி, உடலில் பட்ட காயத்திற்கு ஏன் என்று நாம் கேட்கிறோம்.

இந்த விலக்கு நேற்று வந்ததன்று. 1922 மார்ச் 21 தேதியிட்ட அறிவிக்கையில் வெள்ளைக்கார சர்க்கார் அளித்தது அது. நம்மை அடக்கியாளுவதற்காகத் தான் வைத்திருந்த படைக்கே அவ்வாட்சி இந்தச் சலுகையைக் காட்டிற்று. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. ஊனப் பென்ஷனில் இரு பகுதிகள் உண்டு: சேவைக் காலத்திற்காக ஒன்று, ஊனத்திற்காக மற்றொன்று. இரண்டுமே வரிக்கு உட்பட்டவையல்ல என்று 2001 ஜூலை 2இல் மத்திய நேர்முக வரிகள் வாரியம் தெளிவுபடுத்தியது. பின்னர் 2019 ஜூன் 24இல் அதே வாரியம் வேறொரு சுற்றறிக்கை விடுத்தது. சேவையால் ஏற்பட்ட, அல்லது சேவையால் மிகுந்த உடற்குறையின் காரணமாகப் படையிலிருந்து விலக்கப்பட்டவர்க்கு மட்டுமே விலக்கு. காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்க்கு இல்லை என்றது அது. முன்னாள் படையினர் முறையிட்டதன்பேரில், இருந்த நிலையே நீடிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே உத்தரவிட்டது. ஆயினும் இவ்வேறுபாட்டின் பின்னுள்ள எண்ணம் அகன்றுவிடவில்லை. அது சுற்றறிக்கையில் இருப்பினும், சட்டத்தின் வாசகத்திலேயே ஏறினாலும், அநியாயம் அநியாயமே.

பழனிசெட்டிபட்டியில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இரு சிப்பாய்களை எண்ணிப் பார்ப்போம். ஒரே பனிமலையில் ஒரே நாளில் இருவர்க்கும் ஒரே விதமான காயம். ஒருவனை இனி உதவான் என்று படை வீட்டிற்கு அனுப்பிவிட்டது. மற்றவனை, ஆயுதம் தூக்க இயலாவிடினும் கிடங்கையோ கணக்கையோ பார்ப்பான் என்று வைத்துக்கொண்டது. அவனும் வலியைப் பொறுத்துக்கொண்டு எஞ்சிய ஆண்டுகள் உழைத்தான். வைத்தியக் குழு இருவர்க்கும் ஒரே அளவு ஊனத்தை எழுதிற்று. இவர்களில் முன்னவன் பென்ஷனுக்கு வரி இல்லை, பின்னவன் பென்ஷனுக்கு வரி உண்டு என்றால், அதிக நாள் உழைத்ததற்கு அபராதம் என்பதைத் தவிர வேறென்ன பொருள்? பென்ஷனின் அளவைக் கணக்கிடும் விஷயத்தில் இத்தகைய பாகுபாடு செல்லாதென்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பென்ஷனைக் கொடுப்பதில் கூடாதென்ற பேதம், அதில் வரியைப் பிடிப்பதில் மட்டும் எவ்வாறு கூடும்? அமெரிக்காவில் முன்னாள் படையினர் ஊனத்திற்காகப் பெறும் ஈட்டுத் தொகைக்கு வரியில்லை. காலம் முடிந்து ஓய்வு பெற்றவனா என்று அங்கே கேட்பதில்லை.

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஓய்வு பெறும் தறுவாயில் ரத்த அழுத்தம், நீரிழிவு என்று எழுதி வாங்கிக்கொள்பவர் பெருகிவிட்டனர், அதிலும் சிப்பாய்களைவிட அதிகாரிகளே மிகுதி என்கிறார்கள். இது வாஸ்தவமாயின் குறை வைத்தியக் குழுவினிடத்தில். அங்கேயே அதைத் திருத்த வேண்டும். தகுதியில்லாதவனுக்குப் பென்ஷன் கொடுத்துவிட்டு, தகுதியுள்ளவனிடமும் சேர்த்து வரி பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

வரிப்பளு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 பட்ஜெட்டின்படி, புதிய முறையில் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை வரி செலுத்த வேண்டியதில்லை. ஆகவே பென்ஷன் ஒன்றையே நம்பியிருக்கும் சிப்பாய் பெரும்பாலும் தப்பிவிடுகிறான். ஆனால் சிப்பாய் ஓய்வு பெறுவது முதுமையிலன்று. நாற்பதுக்கு முன்பே பலர் ஊர் திரும்பி, பாங்கிலோ வேறிடத்திலோ வேலைக்கமர்கின்றனர். அந்தச் சம்பளத்தோடு பென்ஷன் சேரும்போதுதான் வரம்பு மீறுகிறது. பென்ஷன் நிர்வாகமோ பிரயாக்ராஜிலிருந்து 'ஸ்பர்ஷ்' என்ற கணினி ஏற்பாட்டின் வழியே நடக்கிறது. தவறாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறப் போடியிலோ சின்னமனூரிலோ உள்ளவர் எந்தக் கதவைத் தட்டுவது?

இறந்தோரின் குடும்பத்தினர் நிலையும் இதுவே. போர், எல்லைச் சண்டை, பயங்கரவாதிகளின் தாக்குதல் முதலியவற்றில் மாண்டவரின் குடும்பப் பென்ஷனுக்கு 2004ஆம் வருஷத் திருத்தத்தால் விலக்குக் கிடைத்தது. பரம்வீர் சக்ரம், மகாவீர் சக்ரம், வீர் சக்ரம் பெற்றோர் குடும்பங்களுக்கும் விலக்குண்டு. இவை போற்றத்தக்கவை. ஆனால் காயத்தோடு ஊர் திரும்பி, பல ஆண்டு படுத்திருந்து இறந்தவரின் விதவைக்கு அது இல்லை. குடும்பப் பென்ஷனில் மூன்றிலொரு பங்கு, அல்லது ரூ.15,000, இவற்றில் குறைந்ததைக் கழித்துக்கொள்ளலாம் என்பதோடு பழைய முறை நின்றுவிடுகிறது; புதிய முறையில் 2024இல் அது ரூ.25,000 ஆயிற்று. பல ஆண்டுகள் அவள் செய்த பணிவிடைக்கு எந்த ஷரத்திலும் இடமில்லை.

நம் நண்பர்கள் சிலர் மாநில சர்க்காரே இதைத் தீர்க்கலாமென்று எண்ணுகின்றனர். அமெரிக்காவில் மாநிலங்கள் தனியே வருமான வரி விதிப்பதால், அவற்றுள் பல ராணுவப் பென்ஷனுக்கு விலக்களித்துள்ளன. இங்கே அந்த அதிகாரம் சென்னைக்கு இல்லை. மாநிலத்தின் வரம்பில் உள்ளவை வீட்டு வரியும், ஆண்டுக்கு ரூ.2,500க்கு மேற்படக் கூடாத தொழில் வரியும் போன்றவையே. ஆகவே சட்டசபை உறுப்பினரிடம் இவற்றைப் பற்றியும், பார்லிமெண்ட் உறுப்பினரிடம் ஊனப் பென்ஷனைப் பற்றியும் மனுக் கொடுக்க வேண்டும். பார்லிமெண்டிற்குச் செல்லும் மனுவில் இரண்டே கோரிக்கைகள் போதும்: ஊனம் சேவையால் நேர்ந்ததென்று வைத்தியக் குழு எழுதிவிட்டால், படையை விட்டு வந்த விதத்தை வரி அதிகாரி கேட்கலாகாது; அந்த ஊனத்தால் இறந்தவரின் மனைவிக்கும் அதே விலக்கு நீள வேண்டும்.