பதிவேற்றம் முடிந்தது, பாடம்?

கொரோனா காலத்தில் பூட்டிய பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, தொடக்க வகுப்புகளில் பல பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பாராமல், என்ன தெரிந்திருக்கிறான் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்து, அங்கிருந்து கைப்பிடித்து நடத்திச் செல்வதே அதன் வழி. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அடிப்படை எண்ணம் மிகச் சரியானது. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது.

பிள்ளையின் நிலையை அறியச் செயலி வழி மதிப்பீடு வைத்தார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் அது எப்படி நடக்கிறது? ஆசிரியை தன் கைப்பேசியை நீட்டுகிறார். ஒரு பிள்ளை கேள்வியைப் பார்த்து விடையைத் தொடுகிறாள். அடுத்த கேள்வி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது, திரையில் வட்டம் சுற்றுகிறது. மற்ற பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சலசலக்கிறார்கள். ஒருத்தி முடித்தால் இன்னொருவன். பாடவேளை அதிலேயே கரைகிறது. ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுத்தது நல்லதுதான். ஆனால், வகுப்பில் ஓர் ஆள் கூடிவிடவில்லையே.

இவ்வளவு பாடுபட்டுத் தெரிந்துகொள்வது என்ன? 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பையன் 35 என்கிறான். இன்னொருத்தி 79 என்கிறாள். சரியா தவறா என்று மட்டும் பார்க்கும் செயலிக்கு இரண்டும் ஒன்றே. அந்தப் பையனோ ஏழிலிருந்து இரண்டை எடுத்திருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பதை அவனுக்கு யாரும் புரியவைக்கவில்லை. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், கழித்தல் குறியைத்தான் கவனிக்காமல் கூட்டிவிட்டாள். சிலேட்டை எட்டிப் பார்த்த ஆசிரியைக்கு இது நொடியில் விளங்கும். நான்கு விடைகளில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டுச் சரியாகிப்போன பிள்ளையையும் அவர் கண்டுகொள்வார்.

கணினியால் இது முடியாது என்று நாம் சொல்லவில்லை. 35ஐயும் 79ஐயும் யோசித்து விடைப்பட்டியலில் வைத்தால், “இந்த ஐந்து பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை, நாளை அவர்களைத் தனியே உட்கார வையுங்கள்” என்று அதுவே ஆசிரியைக்குச் சொல்லும். அப்படிச் சொன்னால் அது துணை.

நடைமுறையில் தகவல் கீழே வகுப்பறைக்குத் திரும்புவதைவிட, மேலே அலுவலகத்துக்குப் போவதுதான் முக்கியமாகிவிட்டது. எத்தனை சதவீதம் முடிந்தது என்பதே கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் ‘நிலுவை’ என்று தன் பள்ளியின் பெயரைப் பார்க்கும் தலைமையாசிரியர் என்ன செய்வார்? பிள்ளை தொட வேண்டியதைப் பெரியவரின் விரல் தொடத்தான் அந்த நெருக்கடி தூண்டும். அப்படித் தொடுவது பொய். எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அதற்கு நியாயமில்லை. அரும்பில் நிற்கும் பிள்ளையை மலர் என்று பதிந்துவிட்டால், அவனுக்கு மறுபடி ‘அ’ சொல்லித்தர யார் வரப்போகிறார்கள்? வீட்டில் டியூஷன் வைக்க வழியில்லாதவன் அவன். ஆனாலும் பெரிய பழி, அந்தப் பொய்யைத் தவிர வேறு வழி இல்லாதபடி கெடு வைத்தவர்களையே சேரும். கற்றலைக் கேட்காமல் பதிவேற்றத்தைக் கேட்டவர்கள் அவர்கள்.

பள்ளிக் கல்வித் துறை இதை உடனே மாற்ற வேண்டும். நிலுவைப் பட்டியல் போடுவதை இன்றே நிறுத்தட்டும். மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதும் கூடாது. பதிவு வேலைக்கு வேறு ஆள் போடட்டும். பள்ளிக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் கைப்பேசியைக் கேட்க வேண்டாம். ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வரி வாசிக்கச் சொல்லட்டும். திணறினால், அந்த ஆசிரியைக்கு என்ன உதவி தேவை என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும்.