‘சர்வர் டவுன்’ என்று சொன்னால் விட்டுவிடுவோமா?

இ-சேவை மையத்திலும் ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் நம் மக்கள் இன்று அதிகம் கேட்கும் வாக்கியம் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பதுதான்.

இதில் பின்பாதி பழையது. "நாளைக்கு வா" என்று நம் தாத்தாக்களிடம் சொல்ல அன்று கர்ணம் இருந்தார், மணியக்காரர் இருந்தார். அவருக்கு ஒரு முகம் இருந்தது. பெயரைக் குறிப்பிட்டு மனு எழுதலாம், வாசலில் உட்காரலாம். இன்று அதே வேலையைச் சர்வர் செய்கிறது. அதற்கு முகம் கிடையாது, சாதியும் கிடையாதாம். மழை பெய்யாத மாதிரி, யார் மேலும் குற்றமில்லாத ஒரு சங்கடமாகிவிட்டது அது. கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவும் "மிஷின் வேலை செய்யலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க" என்று திரும்பிப் போகிறார்.

தோழர்களே, அவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

சர்வர் என்பது ஓர் அறையில் இரவுபகலாக ஓடும் கணினி. அது நிற்காமல் ஓட என்ன வேண்டும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். மின்சாரம் போனால் யுபிஎஸ், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். இணையத்துக்கு இரண்டு லைன்கள், அதுவும் இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து. இரண்டையும் ஒரே பள்ளத்தில் புதைத்தால் ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். அதனால் வேறு வேறு பாதை. இந்த ஊர் சர்வர் படுத்தால் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொரு ஊரில் ஒரு நகல் சர்வர். தினமும் பேக்கப், அந்த பேக்கப்பிலிருந்து தகவலைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதனை. நிமிடத்துக்கு நிமிடம் சர்வரைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருவரை எழுப்பிவிடும் கண்காணிப்பு மென்பொருள். பராமரிப்பு வேலை என்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டு நள்ளிரவில் செய்வது.

இதில் எதுவும் அதிசயம் கிடையாது. காசும் ஆளும் போட்டால் நடக்கும். எங்கே போடுவது, எங்கே ஒற்றை லைனோடு நிறுத்திக்கொள்வது என்பதை மனிதர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நம் சண்டை அந்த மேசையோடு.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. இரண்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கியிருந்த தொலைத்தொடர்பு லைன்களிலும் கோளாறு என்றார்கள். மாலை 3.45க்கு மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரம். பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். இழந்த நேரத்தை ஈடுகட்ட அன்றைய வர்த்தகம் 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. மூல காரணம் என்ன என்று செபி அறிக்கை கேட்டது. பத்திரிகைகள் நாள்கணக்கில் எழுதின.

ரேஷன் கடையில் நான்கு மணி நேரம் சர்வர் நின்றால் எந்த அமைப்பு அறிக்கை கேட்கிறது? கடை நேரம் எத்தனை முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது? ரேஷனில் ஆதார் கைரேகை கட்டாயமானபோது ழான் திரேஸ் முதலிலேயே எச்சரித்தார்: பிஓஎஸ் மிஷின், கைரேகை, இணைய இணைப்பு, எங்கோ தூரத்தில் இருக்கும் சர்வர், உள்ளூர் செல்போன் சிக்னல் என்று எளிதில் உடையக்கூடிய பல தொழில்நுட்பங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் அரிசி கிடைக்கும் என்று. இதில் ஒன்று உடைந்தாலும் பழி வரிசையில் நிற்பவர் தலையில். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலியில் தினம் இரண்டு முறை போட்டோ ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்றார்கள். மண்ணை வெட்டியாகிவிட்டது, உடம்பு வலிக்கிறது, ஆனால் போட்டோ ஏறவில்லை என்றால் அந்த ஆள் வேலைக்கே வரவில்லை!

மாணவர்களுக்கு இது வேறு வழியில் வருகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம். இன்று அதற்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று எல்லாம் இணைய வழி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சர்வர். கல்லூரிக் கட்டணத்தை அப்பா கணக்கிலிருந்து கட்டும் பிள்ளைக்கு இதில் ஒரு சர்வரின் தயவும் தேவையில்லை. சாதி இல்லாத சர்வர் யாரை மட்டும் நிற்க வைக்கிறது என்று புரிகிறதா?

"99 சதவீத நேரம் இயங்குகிறது" என்று டெண்டரில் எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 1 சதவீதம் என்பது மூன்றரை நாளுக்கும் மேல். 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம்தான். அந்த ஒரு தசம இடத்துக்குத்தான் காசு. இன்னும் மோசமான விஷயம், இது ஆண்டு சராசரி. ஆளில்லாத ஞாயிறு இரவெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, விண்ணப்பத்தின் கடைசி மூன்று நாளும் படுத்தாலும் 99 சதவீதம் நிறைவேறிவிடும். கடைசி நாளில் கூட்டம் வரும் என்பது தெரியாதா? எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள் என்ற எண்ணிக்கை துறையிடமே இருக்கிறது. அவ்வளவு பேரைத் தாங்குமா என்று முன்கூட்டியே சுமைச் சோதனை செய்திருக்கலாம்.

நம் கூட்டங்களில் இதைப் பேசினால் "அது டெக்னிக்கல் மேட்டர் தோழர்" என்று கடந்துபோகும் தோழர்கள் உண்டு. நிலத்துக்குப் பட்டா, அடங்கல் படிக்கக் கற்ற இயக்கம் இது. ஒப்பந்தத்தில் சேவைத் தரம் எழுதிய பக்கத்தையும் படிக்கக் கற்கும். விடுதிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளே, மேலே நாங்கள் எழுதியதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுவதை ஒரு மனுவில் எழுதுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 2(f)இல் ‘தகவல்’ என்பதற்கான விளக்கத்தில் பதிவேடுகளும் ஒப்பந்தங்களும் பெயர் சொல்லியே இருக்கின்றன. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். உதவித்தொகை இணையதளம் கடந்த கல்வியாண்டில் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இயங்கவில்லை? எத்தனை இணைய லைன், எத்தனை நிறுவனத்திடம்? ஒப்பந்தப்படி எத்தனை சதவீதம் இயங்க வேண்டும், பராமரிப்பு நேரம் அந்தக் கணக்கில் சேருமா? இயங்காத நேரத்துக்கு நிறுவனத்திடம் பிடித்த அபராதம் எவ்வளவு? பாதுகாப்புக் காரணம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். நாம் பாஸ்வேர்டு கேட்கவில்லை, நேரத்தைத்தான் கேட்கிறோம்.

இதோடு உங்கள் விடுதியில் ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தளம், தேதி, மணி, திரையில் என்ன வந்தது, பக்கத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட். துறை தரும் பதிலையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களை மட்டும் தனியாக எழுதி, அந்தத் தேதிகளுக்குக் கால நீட்டிப்பு ஆணை கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அங்கேயும் சர்வர் டவுன் என்றால், கையால் எழுதி சீல் போட்டுத் தரச் சொல்லுங்கள்.