ஸ்டிக்கரை நம்பாதே மச்சி, தராசை நம்பு!

போன செமஸ்டர்ல ஒரு காலேஜ் சிம்போவுக்கு ஆர்.சி. கார் ரேஸ் போயிருந்தோம். செமி ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம். மூணாவது லேப்ல கார் தூங்க ஆரம்பிச்சுது. மோட்டார் புதுசு, கியர் புதுசு, பாடிக்கு ஸ்ப்ரே பெயின்ட் வேற. பேட்டரி மட்டும் எல்லாம் வாங்கி முடிச்சு மிச்சமிருந்த காசுல வாங்கினது. ரேஸ் போச்சு, பரவாயில்ல. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பார்த்தா, கட்டிலுக்கு அடியில வெச்ச அந்த லிப்போ பேக் பூரி மாதிரி உப்பியிருந்தது. கட்டில் மேல ஜூனியர் ஒருத்தன் நிம்மதியா தூங்கிட்டிருந்தான்.

அதனால்தான் இதை எழுதறேன். என் கருத்து ஒன்றுதான்: ஆர்.சி. கார் பட்ஜெட்டில் முதல் பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போக வேண்டும். அதையும் ஸ்டிக்கரைப் படித்து அல்ல, அளந்து பார்த்து வாங்க வேண்டும். ஓம்ஸ் லா எழுதியே பாஸ் பண்ணின நாம, கடையில மட்டும் ஏன் அதை மறந்துடறோம்?

முதலில் "சி" ரேட்டிங். 5000 எம்.ஏ.எச்., 100 சி என்று போட்டிருந்தால் 5 ஆம்பியரை 100 ஆல் பெருக்குங்க. 500 ஆம்பியர்! வெல்டிங் பட்டறையில ஓடுறதே பெரும்பாலும் 100, 150 ஆம்பியர்தான். அந்த பேக்கில் இருக்கும் வயரைப் பாருங்க, தொடர்ந்து 500 தாங்குமா? சி ரேட்டிங்கை இப்படித்தான் அளக்கணும்னு எல்லா கம்பெனியும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. அச்சடிக்கறவங்க இஷ்டம்தான்.

எடை பொய் சொல்லாது. ரெண்டு செல் லிப்போ 7.4 வோல்ட். 5000 எம்.ஏ.எச். என்றால் 37 வாட் ஹவர். அவ்வளவு எனர்ஜிக்கு பேக் சுமாரா 220 முதல் 300 கிராம் வரை இருக்கும். தராசு 150 கிராம்தான் காட்டுதுன்னா, மீதி எம்.ஏ.எச். ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கு. 18650 செல்லிலும் இதே கதை. நல்ல செல்லே 3500 எம்.ஏ.எச். பக்கத்துலதான் நிக்குது. 9900 என்று போட்டு வருவதை டார்ச்சுக்குக்கூட நம்பாதீங்க.

அடுத்தது இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ். நம்ம கார் 40 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. நல்ல பேக்கில் செல்லுக்கு 5 மில்லி ஓம், ரெண்டு செல்லுக்கு 10. வோல்டேஜ் டிராப் 0.4 வோல்ட், உள்ளே வீணாகும் சூடு 16 வாட். மோசமான பேக்கில் செல்லுக்கு 25 மில்லி ஓம். டிராப் 2 வோல்ட், சூடு 80 வாட். ஒரு பெரிய சால்டரிங் அயர்னை பேட்டரிக்குள்ளேயே வெச்சு ஓட்டற மாதிரி. எங்க கார் ஏன் தூங்கிச்சுன்னு இப்ப புரியுதா? பல பேலன்ஸ் சார்ஜர்கள் இந்த அளவைக் காட்டும். புதுசா வாங்கினதும் குறிச்சு வெச்சுக்கோங்க. மாசாமாசம் ஏறுதான்னு பாருங்க.

கடையிலேயே மல்டிமீட்டரை பேலன்ஸ் கனெக்டரில் வைத்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாருங்க. புது பேக்கில் செல் ஒவ்வொன்றும் 3.8 வோல்ட் பக்கத்துல, ஒரே அளவாக இருக்கணும். ஒண்ணு 3.8, இன்னொண்ணு 3.5 என்றால் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பழியெல்லாம் பேட்டரி மேல மட்டும் போட முடியாது. எங்க ஈ.எஸ்.சி.யில லிப்போவா, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடான்னு தேர்ந்தெடுக்க ஒரு சின்ன ஜம்பர் உண்டு. நாங்க அதைப் பார்க்கவே இல்ல. லிப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தப்பான செட்டிங்கில் கட்-ஆஃப் சரியா வேலை செய்யல, பேக்கை உறிஞ்சி எடுத்துட்டோம்.

"இவ்வளவு காசுக்கு எங்கடா போறது?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். முதல் கார் கட்டற ஃபர்ஸ்ட் இயர்னா நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் ஆறு செல் பேக் போதும், 7.2 வோல்ட். எடை கூட, வேகம் கொஞ்சம் குறைவு. ஆனா நம்ம தப்புகளை லிப்போவைவிட அதிகம் மன்னிக்கும். நல்ல பேலன்ஸ் சார்ஜர் ஒண்ணு கிளப் காசுல வாங்கினா நாலு பேட்ச் தாங்கும். மோட்டாரை அடுத்த வருஷம் மாத்திக்கலாம்.

இன்னொண்ணு கிளப்புக்கும் ஹெச்.ஓ.டி.க்கும். லேப்ல ஒரு சார்ஜிங் டேபிள் கொடுங்க. பக்கத்துல எரியற பொருள் எதுவும் வேணாம், ஒரு மணல் வாளி போதும். ராத்திரி கட்டிலுக்கு அடியில சார்ஜ் போடறதுக்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்ல, வேற இடம் இல்லாததும்தான்.

அந்த உப்பின பேக்கை ரெண்டு பேரா மெதுவா தூக்கிட்டுப் போய் மைதானத்துல மணல் வாளிக்குள்ள வெச்சோம். குத்தல, அழுத்தல, குப்பைத்தொட்டியிலயும் போடல. அப்புறம் இ-வேஸ்ட் எடுக்கறவங்க கிட்ட ஒப்படைச்சோம். ஜூனியர் காலையில எழுந்து, "அண்ணா, ரேஸ் என்ன ஆச்சு?"ன்னு கேட்டான். தோத்துட்டோம்டா, மத்தபடி எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அடுத்த தடவை எந்த டீமுக்கும் இது அதிர்ஷ்டத்தை நம்பி நடக்க வேண்டாம். கடைக்குப் போறப்ப பையில ஒரு தராசு, ஒரு மல்டிமீட்டர். அவ்வளவுதான்.