வலசைப் பறவைகள் வரும் காலம்: தெளிக்கும் மருந்தில் கவனம் தேவை

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கே.ஜி.கண்டிகை சுற்றுவட்டாரத்தில் வானத்தைக் கவனித்தால் வடக்கிலிருந்து வந்திறங்கும் பறவைகளைப் பார்க்கலாம். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், உழும்போது பின்னாலேயே ஓடிவரும் வாலாட்டி, நிலக்கடலைக் காட்டின் மேல் தாழ்வாக வட்டமிடும் பூனைப்பருந்து எல்லாம் இப்படி வருபவைதான். பங்குனி வரை இங்கேயே இரை தேடும்.

அந்த இரை பெரும்பாலும் நம் வயல் பூச்சிகள். பூனைப்பருந்து வெட்டுக்கிளியோடு சிறு எலிகளையும் பிடிக்கும். சூறைக்குருவிக் கூட்டம் சோளக் கதிரில் இறங்கினால் நட்டம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இதே குருவிக்குக் கூடு அமைத்துக் கொடுக்கிறார்கள்.

இந்த நேரத்தில் பேச வேண்டியது மோனோகுரோட்டோபாஸ் பற்றி. 36 எஸ்.எல். வடிவத்தை மத்திய அரசு 2023 செப்டம்பரில் தடை செய்தது. இருந்த சரக்கைக் காலாவதியாகும் வரை விற்க மட்டும் அனுமதி தந்தது. மனிதருக்கு இது கொடிய நஞ்சு என்பது ஊரறிந்தது. பறவைக்கு அதைவிடக் கொடியது. மருந்துபட்ட வெட்டுக்கிளிகளைத் தின்றாலே செத்துவிடும். 1995-96ல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு இதைத் தெளித்தபோது, வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்திருந்த ஸ்வைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. வெட்டுக்கிளியைத் தின்ன வந்த பறவைதான் முதலில் போனது.

ஆகவே வீட்டு மூலையில் பழைய பாட்டில் இருந்தால் 'வீணாகிறதே' என்று சம்பா நெல்லுக்கு அடித்துவிடாதீர்கள். மருந்துக் கடைக்காரர் 'அதே மாதிரி வேலை செய்யும்' என்று வேறொன்றைக் கொடுத்தாலும் உடனே வாங்க வேண்டாம். பூச்சி பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டியதா என்று முதலில் வயலில் இறங்கிப் பாருங்கள். ஆரம்ப நிலையில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலே பெரும்பாலும் போதும்.

ஏக்கருக்கு 20 பறவை தாங்கிகள் நடலாம். ஆங்கில 'டி' வடிவில் குச்சி கட்டினால் போதும், செலவில்லை. அதிகம் உட்காருவது ஊரோடு இருக்கும் ரெட்டைவால் குருவிதான். வலசை வரும் கீச்சானும் வந்து உட்காரும். நெல் பால் பிடிக்கும் முன் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் மணி தின்னும் குருவிக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

எலிக்கு நஞ்சு உணவு வைப்பவர்கள் வளைக்குள் வைத்து மண்ணால் மூடுங்கள். செத்த எலிகளைப் புதைத்துவிடுங்கள். தெளிப்பானை ஏரியில் கழுவாதீர்கள். வயலில் பறவைகள் கும்பலாக இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், வேளாண்மை அலுவலருக்கும் வனத்துறைக்கும் அன்றே சொல்லுங்கள்.