குதிரைக்குக் குளிருமா?

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் மனிதர்களை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கழுத்தில் மப்ளரும், தலையில் கம்பளிக் குல்லாயும், அதற்கு மேல் ஒரு சால்வையுமாகப் போவார்கள். எதிரே வருகிறவர் பென்ஷன் வாங்கும் தாசில்தாரா, அடுத்த வீட்டு மாமியா என்பதைக் குரலைக் கேட்ட பிறகே நிச்சயிக்க வேண்டும். அந்த நேரத்தில் உஷ்ணமானியைப் பார்த்தால் அது 20 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் சாவதானமாக நின்றுகொண்டிருக்கும். பனிமலைப் பிரதேசத்திலிருந்து வந்த ஒருவர் அதைக் கண்டால் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு விசிறி கேட்பார்.

நான் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் என் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டதோடு நிற்காமல், ஒரு குதிரையின் கழுத்திலும் மானஸீகமாக அதைச் சுற்றி, அந்த வாயில்லா ஜீவனை ஆபத்தில் விட்டுவிட்டேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் வாசித்த ஒரு பையன் கொள்ளிடக் கரைப் பக்கத்திலிருந்து வருகிறவன். அவனுடைய பாட்டனார் ஜட்கா ஓட்டியவர். நான் சிறுவனாயிருந்தபோது ஸ்ரீரங்கம் ரயிலடியில் இரண்டொரு ஜட்காக்கள் எஞ்சியிருந்தன. ஆட்டோ ரிக்‌ஷா அவற்றையும் விழுங்கிவிட்டது. பெரியவர் வண்டியை விற்றார்; குதிரை வளர்ப்பதை மட்டும் விடவில்லை. இப்பொழுது அவருடைய மகன் ஒரு வெள்ளைப் பெண்குதிரையை வைத்துக்கொண்டு கல்யாண ஊர்வலங்களுக்கு விடுகிறார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்தால் குதிரை நடக்கும்; குடும்பமும் நடக்கும். குதிரை படுத்துவிட்டால் இரண்டும் படுத்துவிடும்.

சென்ற ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக விடாமல் மழை பிடித்துக்கொண்டது. பெரியவர் தம் வழக்கப்படி குதிரையைப் புங்க மரத்தடியில்தான் கட்டியிருந்தார். மூன்றாம் நாள் பார்த்தால் கணுக்கால் வரையில் சேறு. குளம்புக்கு மேலே தோல் வெடித்து, குதிரை காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. அன்று வீட்டில் தர்க்கம் ஆரம்பமாயிற்று. "குளிர்காலம் முடிகிற வரையில் கொட்டகைக்குள்ளேதான் கட்டவேண்டும்" என்றார் மகன். "குதிரை என்ன கோழியா, கூடையைப் போட்டுக் கவிழ்க்க?" என்றார் தகப்பனார். பையன் மறுநாள் என்னிடம் வந்து, "ஸார், உள்ளே கட்டுவதா, வெளியே கட்டுவதா? நீங்கள் சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்கள்" என்றான்.

உபாத்தியாயருக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் கிடையாது. மேல்நாட்டில் அச்சிட்ட ஒரு குதிரைப் புத்தகத்தைப் புரட்டினேன். குளிர்காலத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. பனிக்கட்டி, கம்பளிப் போர்வை, கதவடைத்த லாயம் எல்லாம் அதில் இருந்தன. நான் அன்று மாலையே கொள்ளிடக் கரைக்குப் போய், கொட்டகையின் நான்கு பக்கமும் கோணிச் சாக்கைத் தைத்துத் தொங்கவிடும்படி ஆலோசனை சொன்னேன். "காற்று ஒரு துளிகூட நுழையக் கூடாது" என்று உத்தரவும் போட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. "வாத்தியாரையா படித்தவர்" என்று மட்டும் சொன்னார். அதில் எத்தனை அர்த்தம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

பத்து நாளில் குதிரை இருமத் தொடங்கியது. மூக்கில் நீர் வடிந்தது. கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குளிர்தான் தாக்கிவிட்டது என்று மகன் இன்னும் இரண்டு சாக்கு வாங்கிவந்தார். நல்ல வேளையாகப் பையன் அரசாங்கக் கால்நடை வைத்தியரை அழைத்துவந்தான்.

வைத்தியர் குதிரையைத் தொடுமுன் என்னைத்தான் பார்த்தார். "ஸார், கொஞ்சம் உள்ளே வந்து குதிரை தலையைத் தாழ்த்துகிற இடத்தில் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். ஒரு நிமிஷத்தில் கண்ணில் தாரை தாரையாக நீர். மூத்திரம் ஊறி அழுகிய வைக்கோலிலிருந்து எழுகிற அம்மோனியா ஆவி அது. "இங்கே அரை மணி ஒரு பாடம் நடத்துவீர்களா? இந்தக் குதிரை பத்து ராத்திரி நடத்தியிருக்கிறது" என்றார். பிறகு தம் கையாலேயே ஒரு பக்கத்துச் சாக்கை இழுத்துப் போட்டார். மற்றவற்றை நான் இழுத்துப் போட்டேன்.

அன்று அவர் சொன்ன விஷயங்களை வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை வாயால் மூச்சு விடாது. மூக்கு ஒன்றே அதற்கு வழி. ஆகையால் தூசியும், பூஞ்சணமும், ஆவியும் தப்பாமல் உள்ளே போய்ச் சேரும். மழைக்காலத்து வைக்கோலில் பூஞ்சணத்துக்குக் குறைவில்லை. தலையைத் தாழ்த்தி மேய்கிற பிராணியாதலால், தலை தாழும்போதுதான் மூச்சுக்குழாயில் சேர்ந்த அழுக்கு வெளியேறும். நாமோ கயிற்றை உயரக் கட்டி, அதற்கும் வழியில்லாமல் செய்துவிடுகிறோம்.

குளிரோ குதிரைக்கு அவ்வளவு பெரிய சத்துரு அல்ல. அதன் பெருங்குடலில் புல்லும் நாரும் புளித்துச் சீரணமாகும்போது இடைவிடாமல் உஷ்ணம் உண்டாகிறது. வயிற்றுக்குள் ஒரு கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டே அது நடமாடுகிறது. மிதமான சீதோஷ்ணத்தில் பழகிய வளர்ந்த குதிரை, ஏறக்குறைய 5 டிகிரி வரையில் குளிருக்கென்று தனியாகச் சிரமப்படுவதில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். கடுங்குளிர் நாட்டில் பழகி, மயிர் அடர்ந்த குதிரைக்கு அந்த எல்லை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரையில்கூடப் போகும். நம் ஊர் மார்கழி அதற்கு எம்மாத்திரம்? ஆனால் மயிர் நனைந்துவிட்டால் கதை வேறு. நனைந்த உடம்பில் காற்று வீசினால் உஷ்ணம் ஓடிவிடும். சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், தோல் வெடிக்கும்.

அடைத்துக் கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிரை நடந்தால்தான் குடல் நடக்கும். நின்ற இடத்திலேயே நின்று, குளிர்ந்த நாட்களில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால், வயிற்றில் இரை கட்டிக்கொண்டு சூலை வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சூலையில் மாண்ட குதிரைகள் எண்ணில் அடங்கா.

இதெல்லாம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும்போது என் தவறு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தேன். புத்தகத்தில் பிழையில்லை. அதில் 'குளிர்காலம்' என்று எழுதியிருந்ததை நம் ஊர்க் குளிர்காலம் என்று நான் படித்ததுதான் பிழை. நம் முன்னோர் இந்த விஷயத்தில் என்னைவிடக் கவனமாக இருந்தார்கள். வருஷத்தை ஆறு பருவங்களாக வகுத்தபோது, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் பிரித்துவைத்தார்கள். கூதிர் என்பது நனைந்த குளிர். வாடைக் காற்றும் மழையுமாக வருவது. திருச்சிராப்பள்ளியின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி இந்த வடகிழக்குப் பருவக்காற்றில்தான் பெய்கிறது. முன்பனியோ பகலில் இளவெயிலும் இரவில் பனியுமாக இருப்பது. முன்னதற்குக் கூரை வேண்டும். பின்னதற்குத் திறந்த வெளி வேண்டும். தகப்பனாரும் மகனும் ஆளுக்கொரு பருவத்தைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டார்கள். நடுவே நான் அயல்நாட்டுப் பருவம் ஒன்றைக் கொண்டுபோய் நுழைத்தேன்!

இந்தத் தவறு எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது ஒரு சிறிய ஆறுதல். ஸ்ரீரங்கம் கோயிலில் வெள்ளைக் கோபுரத்தை அடுத்த சேஷராயர் மண்டபத்தைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். அங்கே கல்லில் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற குதிரைகளைப் பார்த்தால், இந்த நாட்டு அரசர்களுக்குக் குதிரையின்மேல் இருந்த மோகம் விளங்கும். ஆனால் அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹார்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே வந்து இறங்குவதாக எழுதியிருக்கிறார். வருஷ முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதும், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டுகிறார்கள் என்பதும் அவர் சொல்லும் குறைகள்.

அவருக்குச் சற்றுப் பின்னால், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வந்த குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டி, கொழுப்பதற்காக ஊட்டுகிறார்கள். பிறகு பழக்காமலே ஏறிச் சவாரி செய்கிறார்கள். சிறந்த குதிரையும் கொஞ்ச காலத்தில் சோம்பிப் பயனற்றுப் போகிறது என்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள் குதிரைமேல் துவேஷத்தால் அப்படிச் செய்திருக்க முடியுமா? தமக்கு எது சுகமோ அதைக் குதிரைக்கும் அளித்தார்கள்: வயிறு நிறையச் சோறு, வேலையில்லாத நாற்பது நாள், நல்ல கூரை. நான் அளித்தது கோணிச் சாக்கு.

அப்படியானால் திறந்த வெளியே சரணம் என்று இருந்துவிடலாமா? அதற்கும் வைத்தியர் இணங்கவில்லை. அந்தி முதல் விடியும் வரையில் கொசுவும், கொசுவிலும் சிறிய கடிபூச்சிகளும் குதிரையைப் பிடுங்கும். அப்படிப்பட்ட சிறு பூச்சியால் பரவும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் 1959 முதல் மேற்கு ஆசியாவிலும், 1960-இல் இந்தியாவிலும் புகுந்தபோது, இந்தப் பிரதேசங்களில் ஏறக்குறைய 3,00,000 குதிரைகளும் கழுதைகளும் மாண்டன. ஆகையால் இரவில் கூரையும், முடிந்தால் வலைத்துணியும் வேண்டும். புகை மூட்டம் போடுவதானால் கொட்டகைக்கு வெளியே போட வேண்டும்; உள்ளே போட்டால் கொசுவுக்குப் பதிலாக நாமே நுரையீரலைக் கடித்ததாகும்.

முடிவில் நடந்தது இதுதான். வாடைக் காற்று வருகிற வடகிழக்கு மூலையில் மாத்திரம் இரண்டு பக்கமும் கீற்றுத் தட்டி வைத்து, மற்ற இரண்டு பக்கங்களையும் திறந்துவிட்டார்கள். தரையை ஒரு முழம் உயர்த்தி ஆற்று மணலைக் கொட்டினார்கள். ஈர வைக்கோலைத் தினம் வாரி வெளியே போட்டார்கள். பூஞ்சணம் பிடித்த தீவனத்தை விலக்கி, அருகம்புல்லும் ஊறவைத்த கொள்ளும் கொடுத்தார்கள். தீவனத் தொட்டி தரைக்கு இறங்கியது. மழை விட்ட நேரமெல்லாம் குதிரை வெளியே நடந்தது. இரவில் கூரையின் கீழ் நின்றது. வைத்தியரின் மருந்தும் ஒரு புறம் வேலை செய்தது. கார்த்திகைத் தீபத்துக்குள் இருமல் நின்றது.

பெரியவர் அப்பொழுதும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "மேலே ஓலை, கீழே மணல், நடுவே காற்று. எங்கள் அப்பா சொன்னது, வாத்தியாரையா. நானும் மணலை மறந்துவிட்டேன்" என்றார். ஒருவர் மணலை மறந்தார். ஒருவர் காற்றை மறந்தார். ஓலை மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. அது நம் தலைக்கும் வேண்டியதல்லவா?

தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு முந்திய இரவு உத்தர வீதியில் மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். வெள்ளைக் குதிரை ஜரிகைச் சேணத்தோடு மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தது. கடிவாளத்தைப் பிடித்து வந்தவன் என் மாணாக்கன். பனி நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. குதிரையின் மூச்சு சத்தமில்லாமல் சீராகப் போய் வந்தது.

"ஸார், உங்களுக்குக் குளிருகிறதா?" என்று பையன் கேட்டான். நான் அவசரமாக மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "சேச்சே! இது ஒரு குளிரா?" என்றேன். ஊர்வலம் முனை திரும்புகிற வரையில் காத்திருந்து, மறுபடியும் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.